பின் ஷாக்கும் சினை ஊசியும்

1. செவலை மறுபடியும் கத்தியது

இந்தத் தொழிலை விட்டுவிடலாமா என்று எனக்கு ஒரே ஒரு முறைதான் தோன்றியிருக்கிறது. கடையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கோமதி என்பவரின் மாட்டுத் தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தபோது.

அவருடைய செவலைப் பசு கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. வாலடியில் கண்ணாடி மாதிரி ஒழுக்கு. பருவத்துக்கு வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் நான்தான் அதற்குச் சினை ஊசி போட்டேன். அது பிடித்திருந்தால் இப்போது கத்தியிருக்காது. அதற்கு முந்தைய இரண்டு தடவையும் போட்டது நான்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன் என்றாலும், வெளியே இருப்பவர்களும் படிக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். சினை ஊசி என்று ஊரில் சொல்வது செயற்கை முறைக் கருவூட்டல். காளையின் விந்தை மெல்லிய குழாயில் அடைத்து, உறைய வைத்து, திரவ நைட்ரஜன் ஊற்றிய கேனுக்குள் வைத்திருப்போம். அந்தக் குழாயை ஸ்ட்ரா என்போம். கேனை பைக் கேரியரில் கட்டிக்கொண்டு மாடு இருக்கும் வீட்டுக்கே போவோம். நான் பால் சொசைட்டிக்காக இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். வீடு குத்துக்கல்வலசையில். வேலை பூராவும் கடையம் சுற்று வட்டாரத்தில்.

"மூணாவது தடவயும் போச்சு, அண்ணாச்சி," என்றார் கோமதி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அவருடைய கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ இருந்தார். இரண்டு மாடுகளையும் கோமதிதான் தனியாகப் பார்த்துக்கொண்டார். ஒன்று கறந்துகொண்டிருந்தது. செவலை பால் வற்றி, சினையும் நிற்காமல், தீனி மட்டும் தின்றுகொண்டு நின்றது.

"இன்னைக்கே போட்டு விட்டுருதேன்," என்றேன்.

"வேண்டாம். மாடும் சலிச்சுப் போச்சு, நானும் சலிச்சுப் போனேன். அவுக போன்ல ஒரே சத்தம். சும்மா நிக்கிற மாட்ட என்னத்துக்குக் கட்டி வச்சிருக்க, வித்துத் தொலைன்னு சொல்லுதாவ. செங்கோட்டை யாவாரி ஒருத்தரு ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

செங்கோட்டை வியாபாரி லாரியில் மாடு ஏற்றினால் அது மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகும். அங்கே எதற்குப் போகிறது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

"அடுத்த தடவ கத்தும்போது கூப்பிடுதேன்," என்றார் கோமதி. "ஒரே ஒரு ஊசி போடுங்க. அதுவும் நிக்கலைன்னா அவுக சொன்னபடி செஞ்சிருவேன். இதுக்கு மேல என்னால ஆவாது, அண்ணாச்சி. அது கன்னுக்குட்டியா இருக்கும்போது கையால பால் ஊத்தி வளத்தேன்."

கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்.

2. படுத்துக் கிடந்தவை

கோமதி வீட்டில் மட்டும் இப்படி என்றால் மாட்டின் குறை என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்த நாட்களில் நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் மாடுகள் திரும்பத் திரும்பக் கத்தின. சொசைட்டி செயலாளர் ஒரு நாள் என்னிடம் பேச்சோடு பேச்சாக, "கொஞ்ச நாளைக்கு அம்பைல ஊசி போடுத ஆளு ஒருத்தர விட்டுப் பாப்பமா? நீங்களும் ரெஸ்ட் எடுங்க," என்றார். தன்மையாகத்தான் சொன்னார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஸ்ட்ராவை உருக்குகிற வெந்நீரைத் தெர்மாமீட்டர் வைத்து அளந்தேன். சூடு சரி. கருவி சுத்தம். மேலே போடுகிற உறைகளைப் புதிதாக மாற்றினேன். நான் மாட்டைப் பார்க்கிற நேரம் சரியா, கை போகிற இடம் சரியா என்று எனக்கு நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன். அத்தனை வருடம் யோசிக்காமல் செய்த வேலையை ஒவ்வொரு அசைவாக யோசித்துச் செய்தால் கை தடுமாறும். தடுமாறியது.

"உக்காந்து சாப்பிடுங்க. தட்ட வச்சுக்கிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிய," என்றாள் என் மனைவி பார்வதி. வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பாள்.

கடைசியில் கேனை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் நாகர்கோவில் பக்கத்துப் பெண். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். வேலையில் சுறுசுறுப்பு. நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு ஸ்ட்ராவை எடுத்து உருக்கி, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதையும் பார்த்தார்.

"நீங்களே பாருங்க," என்றார்.

குனிந்து பார்த்தேன். நீந்திக்கொண்டு அலைய வேண்டியவை அத்தனையும் அசையாமல் படுத்துக் கிடந்தன.

"குளிர் குறைஞ்சிருக்கு. ஒரு தடவ குறைஞ்சாலே போதும், அப்புறம் நைட்ரஜன் ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல," என்றார். கேனின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஈரம். "வேர்க்குது பாத்தீங்களா? கேனோட ரெண்டு சுவருக்கு நடுவுல காத்தே இருக்கக் கூடாது. கழுத்துல எங்கயோ விரிசல். கீழ போட்டீங்களா?"

"இல்ல மேடம். குழந்தையத் தூக்குற மாதிரித்தான் தூக்குதேன்."

அவர் நம்பினார். பழைய கேன், ஆயுசு முடிந்திருக்கும் என்று சொன்னார். எனக்கும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. சொசைட்டியில் இருந்த புதுக் கேனை வாங்கி, புது ஸ்ட்ராக்கள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த நிம்மதி அடுத்த வாரமே போய்விட்டது. நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டுவோம். எதுவரை நைட்ரஜன் இருந்ததோ அதுவரை வெள்ளையாக உறைபனி படியும். வெள்ளை கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. கையை வைத்துப் பார்த்தேன். புதுக் கேனின் கழுத்தும் வேர்த்திருந்தது.

மறுபடியும் மருந்தகம். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மருந்தகத்தில் அவசரத்துக்கு வைத்திருந்த கேனையே எடுத்து வந்து, நைட்ரஜன் ஊற்றி, நல்ல ஸ்ட்ராக்களாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்.

"இது என் பொறுப்புல இருக்கறது. புதுக் கேன் தானா விரியாது. எங்கயோ அடி படுது. எங்கன்னு கண்டுபிடிங்க."

எங்கே அடி படுகிறது? கேனை வைக்கிற இடம், எடுக்கிற இடம் எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். அந்தக் கேனை வெளியே கொண்டுபோகவே பயந்து, கண்டுபிடிக்கும்வரை வேலை இல்லை என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு வீட்டில் ஒரு மூலையில் வைத்தேன்.

3. குற்றாலத்துக்குப் போன ஞாயிறு

சீசன் நேரம். இரண்டு நாளாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் நான் நடக்கிற நடையைப் பார்க்கச் சகிக்காமல் பார்வதி, "வாங்க, அருவிக்குப் போயிட்டு வருவோம். தலையில தண்ணி விழுந்தாலாவது புத்தி தெளியுதா பாப்போம்," என்றாள்.

எனக்கு விருப்பமில்லை. போனேன். ஐந்தருவியில் கூட்டம். தண்ணீர் தலையில் விழுந்தபோதும் நான் கேனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு ஈரத் துணியோடு திரும்பி வந்தோம். வழியில் ஒரு பெரிய வேகத்தடை. யோசனையில் பிரேக் போட மறந்துவிட்டேன். சட்டென்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். பார்வதியும் என் தோளைப் பிடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. வண்டி மெத்தென்று ஏறி இறங்கிப் போய்விட்டது.

"உங்க வண்டி நல்லாத்தான் இருக்கு. ரோடு ரோடுன்னு ஒரேயடியாக் குறை சொல்லுவியளே," என்றாள்.

நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். தினமும் தனியாகப் போகும்போது இதைவிடச் சின்னத் தடையில்கூட பின்பக்கம் உதைத்து என்னை சீட்டிலிருந்து தூக்கிப் போடும். கடையம் ரோட்டில் ஒட்டுப் போட்ட இடங்களில் நான் பாதி நேரம் கால் ஊன்றி எழுந்து நின்றுதான் ஓட்டுவேன். அது ரோட்டின் குற்றம் என்று நினைத்திருந்தேன். நான் எழுந்து நின்று தப்பித்துக்கொண்டேன். கேரியரில் கட்டிய கேன் எப்படி எழுந்து நிற்கும்?

"ஏட்டி, கொஞ்சம் இறங்கி நில்லு," என்றேன்.

அவளை இறக்கிவிட்டு அதே வேகத்தடைக்குத் திரும்பிப் போய், அதே வேகத்தில் தனியாக ஏறினேன். பின்பக்கம் படாரென்று உதைத்தது. சாலையோரம் பழம் விற்றுக்கொண்டிருந்தவர், "என்ன அண்ணாச்சி, பிராக்டிசா?" என்று கேட்டார்.

பழக்கடையைப் பார்த்ததும் மீதியும் விளங்கிவிட்டது. இந்த வண்டியை நான் சில மாதம் முன்னால்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். முன்பு வைத்திருந்தவர் சீசனுக்குச் சீசன் ரம்புட்டான், மங்குஸ்தான் பெட்டிகளை அடுக்கிக் கட்டிக் குற்றாலம் கடைகளுக்குப் போட்டவர். அந்தப் பாரத்துக்கென்று பின் ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருப்பார். மாடுகள் திரும்பக் கத்த ஆரம்பித்ததும் அந்த மாதங்களில்தான்.

4. ஒரு பக்கம் இறங்கியது

மறுநாள் காலை வீட்டு வாசலிலேயே வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தினேன். சைடு ஸ்டாண்டில் இந்த வேலை செய்யக் கூடாது. பின் சக்கரம் தரையைத் தொடாமல் இருந்தால்தான் ஸ்பிரிங் மேல் பாரம் இருக்காது.

என் வண்டியில் பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர், பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு வளையம் உண்டு. அதன் விளிம்பு படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கும். கொக்கி போல் வளைந்த ஸ்பேனரை மாட்டித் திருப்பினால் வளையம் ஒவ்வொரு படியாக ஏறும், இறங்கும். ஏற ஏற ஸ்பிரிங் இறுகும். இரண்டு பேர், மூட்டை முடிச்சு என்றால் மேல் படி. தனி ஆள் என்றால் கீழ்ப் படி. கம்பெனிக்காரன் சீட்டுக்கு அடியில் அந்த ஸ்பேனரையும் வைத்தே கொடுக்கிறான். நான் அதை எடுத்துப் பார்த்ததுகூட இல்லை.

சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வளையம் கடைசி மேல் படியில் நின்றது. எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தேன். கசிந்தால் ஷாக்கையே மாற்ற வேண்டியதுதான், திருப்பிப் பிரயோஜனமில்லை. என்னுடையது காய்ந்துதான் இருந்தது.

வலது பக்கம் கொக்கியை மாட்டி இழுத்தேன். முதலில் மறுத்தது. பிறகு 'டக்' என்று ஒரு படி, இன்னொரு படி என்று இறங்கி, கீழிருந்து இரண்டாம் படிக்கு வந்துவிட்டது. சந்தோஷமாக இடது பக்கம் போனேன். அது அசையவில்லை. துருவும் சேறும் சேர்ந்து வளையத்தைக் கவ்விப் பிடித்திருந்தன. ஓங்கி இழுத்ததில் ஸ்பேனர் வழுக்கி, சைலன்சரில் மோதி விரல் முட்டி கிழிந்தது. சுத்தியலை எடுத்தேன். அடித்தால் வளையத்தின் பல் உடைந்துவிடும் என்று திரும்ப வைத்தேன். கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. கோமதி.

"அண்ணாச்சி, செவலை விடியக்காலத்துலேருந்து கத்துது. சாயங்காலம் வந்துருங்க. யாவாரி நாளைக்குக் காலைல வண்டி கொண்டு வருதேன்னு சொல்லியிருக்காரு. நான் இன்னும் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல."

காலையில் கத்திய மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி என்பது எங்கள் கணக்கு. நேரம் தவறினால் போட்டும் பயனில்லை. மத்தியானம் வரை மண்ணெண்ணெயை விட்டு விட்டு இழுத்துப் பார்த்தேன். வளையம் அப்படியே இருந்தது. தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "சீசன் நேரம், அண்ணாச்சி, வண்டி வரிசையா நிக்குது. நாளைக்குத் தள்ளிக்கிட்டு வாங்க," என்றார். பஸ்ஸில் புகை விடுகிற கேனை ஏற்ற மாட்டார்கள். அந்த ரோட்டில் ஆட்டோவில் போனால் பைக்கைவிட மோசமாகக் குலுங்கும்.

நான் எழுவதும் உட்காருவதுமாக இருந்தேன். பார்வதி மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"ஒரு பக்கம் எறங்கிட்டுல்லா. அப்படியே போனா என்ன?"

"ரெண்டும் ஒரே படியில இருக்கணும். இல்லைன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். வளைவுல பின்சக்கரம் ஆடும். விழுந்தா நானும் போவேன், கேனும் போவும்."

அவள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நேத்து நான் பின்னால இருந்தப்ப மெத்துன்னு போச்சுல்லா?"

"ஆமா."

"அப்ப எறக்குனதத் திரும்ப ஏத்திருங்க. நான் வருதேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவளே விளக்கினாள். "ரெண்டு ஆளுக்குத்தான் அது இறுக்கி வச்சிருக்கு. ரெண்டு ஆளாப் போவோம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நாளைக்குக் கல்யாண ஜாக்கெட் குடுக்கணும்னு சொன்னியே."

"அவ மாப்பிள்ளை ஓடிர மாட்டான். நீங்க ஸ்பேனர எடுங்க."

வலது பக்க வளையத்தைப் பழையபடி கடைசிப் படிக்கு ஏற்றினேன். இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பார்த்து உறுதி செய்தேன். கேரியரில் பழைய தலையணையை வைத்து அதன் மேல் கேனைக் கட்டினேன். கேனை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். சாய்ந்து நைட்ரஜன் சிந்தினால் உடம்பு வெந்துபோகும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். வழி முழுக்க ஒரு கையால் என் சட்டையையும் மறு கையைப் பின்னால் நீட்டிக் கேனையும் பிடித்துக்கொண்டு வந்தாள். "பள்ளம் வருது", "மெதுவா", "அந்த லாரி போவட்டும்" என்று அவளும், "தெரியுது, தெரியுது" என்று நானும் சொல்லிக்கொண்டே போனோம். அந்த ரோடு அத்தனை நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

5. தொழுவத்தில்

கோமதி வாசலிலேயே நின்றிருந்தார். என்னோடு ஒரு பெண் இறங்குவதைப் பார்த்து, "யாரு, புது டாக்டரா?" என்றார்.

"வீட்டுக்காரி," என்றேன்.

முதலில் கேனின் கழுத்தைத் தொட்டேன். காய்ந்திருந்தது. ஸ்ட்ராவை எடுத்து வெந்நீரில் உருக்கி, துடைத்து, கருவியில் பொருத்தினேன். பார்வதி யாரும் சொல்லாமலே செவலையின் முன்னால் போய் நின்று அதன் தாடைக்கடியில் சொறிந்துவிட்டாள். மாடு கத்துவதை நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. என் கையும் அன்று தடுமாறவில்லை. வேலை முடிந்தது.

"நிக்குமா, அண்ணாச்சி?" என்று கோமதி கேட்டார்.

இந்தத் தொழிலில் யாரும் நிச்சயம் சொல்ல முடியாது. "இந்தத் தடவ மருந்து நல்லா இருக்கு. இதுக்கு முந்தி போட்டதெல்லாம் வழியிலேயே செத்துப் போச்சு. மாட்டு மேல குத்தமில்ல," என்று நடந்ததைச் சொன்னேன். அவர் என் வண்டியைப் பார்த்தார், பார்வதியைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. மறுநாள் வந்த வியாபாரியை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார். புருஷனோடு போனில் சண்டை போட்டார் என்றும் கேள்விப்பட்டேன்.

இடது பக்க வளையம் இரண்டு நாள் ஊறிய பிறகுதான் இறங்கியது. இரண்டையும் இரண்டாம் படியில் வைத்தேன். பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்ததால் செயின் தளர்வையும் ஹெட்லைட் பார்வையையும் சரிபார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு டாக்டர் கொடுத்த கேன் வேர்க்கவே இல்லை.

ஆனாலும் அந்த மூன்று வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோமதி வீட்டுப் பக்கம் வேலை இல்லாத நாளிலும் அந்தத் தெரு வழியாகப் போவேன். தொழுவத்துக்கு நேராக வரும்போது வண்டியை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு காது கொடுத்துக் கேட்பேன். ஒரு நாள் வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்த கோமதி நிமிர்ந்து பார்த்து, "கத்தல, அண்ணாச்சி. போயி வேலையப் பாருங்க," என்றார்.

மூன்று மாதம் கழித்து டாக்டரை அழைத்துப் போனேன். அவர் நீளக் கையுறையைப் போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பார்த்தார். கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"நிக்குது. மூணு மாசச் சினை," என்றார்.

கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டுப் புல் இருந்தது. செவலைக்குப் போட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "அக்கா வரலையா?"

அடுத்த மாதம் இன்னொரு வீட்டிலும் அதையே கேட்டார்கள். கோமதி ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார், ஊசியில் ஒன்றுமில்லை, அந்த அக்கா வந்து நின்ற ராசி என்று. ஷாக் அப்சார்பர், படி, ஸ்பிரிங் என்று நான் விளக்கப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. பார்வதி கேட்டுவிட்டு, "அவுக சொல்லுததுல என்ன தப்பு?" என்றாள். யோசித்துப் பார்த்தால் தப்பு ஒன்றுமில்லை.

6. வண்டி எடுத்து வருகிறவர்களுக்கு

இப்போது எங்கள் சொசைட்டியில் புதிதாகச் சேருகிறவர்கள் நல்ல பயிற்சி எடுத்துத்தான் வருகிறார்கள். மாட்டைப் பற்றி நான் அவர்களுக்குச் சொல்லித்தர அதிகம் இல்லை. கேனைக் கொடுக்கும் முன்னால் வண்டியை நடு ஸ்டாண்டில் போடச் சொல்வேன். இரண்டு ஷாக்கிலும் படி ஒன்றாக இருக்கிறதா, தனி ஆளுக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று அவர்களையே குனிந்து பார்க்க வைப்பேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

வேலை கெட்டுப்போகும்போது நாம் நம் கையைச் சந்தேகப்படுவோம், மாட்டுக்காரர் மாட்டைச் சந்தேகப்படுவார். இரண்டுக்கும் நடுவே நாம் தினமும் போய் வருகிற வழியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் கோமதியின் தொழுவத்தில் நின்ற அந்தக் காலையில் வேலையை விட்டிருந்தால், அம்பை ஆளும் அப்படி ஒரு வண்டி வாங்கிக்கொண்டு வந்து அதே ரோட்டில் அதே மாதிரித் தோற்றிருக்கலாம். செவலை லாரி ஏறியிருக்கும்.

அது கிடேரிக் கன்று போட்டது. ராணுவத்திலிருந்து லீவில் வந்திருந்த கோமதியின் கணவர்தான் எனக்குப் போன் செய்து சொன்னார். மாட்டை விற்கச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கன்று எழுந்து நின்றுவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.

"நிக்குது," என்றார். "இங்கன வந்து பாருங்க, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."